ரெனிட்டா திறந்த துளை

ரெனிட்டா சாப்பிடும்போது தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடப்பாள். டி.வி. ஓடினால் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்து நின்றபடியே பார்ப்பாள். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டுவிட்டால் பின்வரிசைக்கு நழுவிப் போய், கலைந்து கிடக்கும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிடுவாள். “உனக்கு முதுகு மடங்காதாட்டி?” என்று அவள் அம்மா பாக்கியவதி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். சிஞ்ச்வட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஹவுசிங் சொசைட்டியில் மூன்றாவது மாடி வீடு. லோக்கல் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி சன்னமாக அதிரும். ரெனிட்டா எழுந்து போய் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பாள். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருப்பாள், அதிர்வு எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்பதுபோல.

ஆகுர்டியில் இருசக்கர வாகனங்களுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் முடி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பிரேக்கை விட்டதும் எண்ணெய் அதன் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். ஒரு துகள் அடைத்தால் போதும், பிடித்த பிரேக் விடாது. ஓடுகிற சக்கரம் தானாக இறுகும். அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்தைந்து வயதிலிருந்து ரெனிட்டாவின் வேலை. விளக்கில் காட்டிப் பார்ப்பாள், மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பாள், பிறகு காற்றுச் சோதனைக்கு வைப்பாள். அவள் தள்ளிய பாகத்தை மேனேஜரே வந்து கேட்டாலும் உள்ளே அனுப்பமாட்டாள். லைனில் வேலை செய்பவர்கள் அவளைப் ‘பின்வாலி தீதி’, ஊசிக்கார அக்கா, என்பார்கள். முதலில் கேலிக்காக வைத்த பெயர், பிறகு அதுவே கூப்பிடும் பெயர் ஆகிவிட்டது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. குளியலறை ஷவரில் உப்பு அடைத்தால் கழற்றிவிடுவாள். சொசைட்டியில் யார் வீட்டு கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். துளை என்றால் திறந்திருக்க வேண்டும், அடைத்திருந்தால் எவனோ சரியாக வேலை செய்யவில்லை. இதற்கு வேறு விளக்கம் இருக்கக்கூடும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி, சுபின். எட்டு வயது இளையவன். கேம்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த அப்பா இறந்தபோது அவன் எட்டாம் வகுப்பு. அவன் ஷூவுக்கு லேஸ் கட்டியதிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதுவரை ரெனிட்டாதான். இப்போது ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அலுவலக நண்பர்களோடு அந்தமான் போனவன், கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். அதிலிருந்து அவனை வெளியே எடுக்க முடியவில்லை. தண்ணீர் என்றால் ரெனிட்டாவுக்கு பக்கெட்தான், அதற்கு மேல் எதுவும் பிடிக்காது. ஒவ்வொரு முறை அவன் பையைக் கட்டும்போதும் அவள் வீட்டுக்குள் நடக்கிற வேகம் கூடும்.

இந்த வருடம் மழை விட்ட சமயம் கோவாவில் யாரோ பயன்படுத்திய ரீப்ரீதர் ஒன்றை வாங்கி வந்தான். விட்ட மூச்சைத் தண்ணீருக்குள் விட்டு வீணாக்காமல், சுண்ணாம்புக் குருணை நிரப்பிய டப்பாவுக்குள் அனுப்பி, கரியமில வாயுவை நீக்கி, உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்ஸிஜனை மட்டும் ஈடுகட்டித் திரும்ப மூச்சுக்கே கொடுக்கிற கருவி. அதைச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பிவைத்து அம்மாவுக்கும் அக்காவுக்கும் வகுப்பு எடுத்தான்.

“விலை ஜாஸ்தியா இருக்கிறதுல ஆக்ஸிஜனை கம்ப்யூட்டர் போடும். இதுல நானேதான் போடணும்.”

“ஏல, கம்ப்யூட்டர்ல வேலை பாக்குதவன் கம்ப்யூட்டர் இல்லாததாப் பாத்து வாங்கியிருக்கியே?” என்றார் பாக்கியவதி.

“கம்ப்யூட்டர்ல வேலை பாக்கிறதாலதாம்மா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெனிட்டா சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்தாள். “போடணும்னா எப்படிப் போடுவ?”

“இதுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு. உன் பிரேக் ஓட்டைய விடச் சின்னது. உடம்பு சும்மா இருக்கும்போது எவ்ளோ ஆக்ஸிஜன் வேணுமோ, அதுக்குக் கொஞ்சம் கம்மியா அது விட்டுக்கிட்டே இருக்கும். மிச்சத்தை நான் இந்தப் பட்டனை அமுக்கிப் போட்டுக்குவேன். எவ்ளோ இருக்குன்னு மணிக்கட்டுல நம்பர் காட்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் பாக்கணும்.”

“பாக்கலேன்னா?”

“கம்மியானா மயக்கம். ஜாஸ்தியானா ஃபிட்ஸ்.”

“தண்ணிக்குள்ளயா?”

“அதுக்குத்தானேக்கா பாக்கிறது!”

“எவ்ளோ ஆழம் போகும் இது?”

சுபின் போனில் வந்த எதையோ படித்துக்கொண்டே பதில் சொன்னான். “கையால ஓட்டுறதுக்கு ஒரு லிமிட் இருக்கு. எண்பது மீட்டர் பக்கம் போனா வெளியில தண்ணியோட அழுத்தமும் குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தமும் ஒண்ணாயிடும். அப்புறம் அந்த ஓட்டையில ஆக்ஸிஜன் வராது. பட்டனை அமுக்கினாலும் வராது.”

“வராதுன்னா?”

“வராதுன்னா வராது. அதான் நான் அறுபதோட நிறுத்திக்குவேன். ஞாயித்துக்கிழமை மலைப் பக்கம் ஒரு அணை ஏரி. ராகவேந்திரா சார் பர்மிஷன் வாங்கிட்டார்.”

“எண்பதுக்கும் அறுபதுக்கும் நடுவுல இருபதுதானேடா இருக்கு.”

“இருபது மீட்டர்னா ஆறு மாடி.”

“ஆறு மாடி நான் மூச்சு வாங்காம ஏறிடுவேன். ஆழம் கூடினா அதோட அழுத்தமும் கூடவே ஏறக் கூடாதா? ஏன் ஏறல?”

“அது அப்படித்தான் செட் பண்ணியிருக்கு. விடுக்கா.” அவன் கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

ரெனிட்டாவால் விட முடியவில்லை. அன்றிலிருந்து எண்பது என்கிற எண் அவளோடு நடந்தது. வேலையில் பாகங்களைத் தட்டில் அடுக்கும்போது எண்பதாவதில் கை தயங்கியது. அவன் ஆழத்தில் பட்டனை அமுக்குகிறான், வரவில்லை, மறுபடி அமுக்குகிறான். இந்தக் காட்சி குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் வந்தது. அவனைப் போகாதே என்று சொல்லிப் பயனில்லை, முன்பே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் போவான்.

தொழிற்பேட்டையில் வார விடுமுறை வியாழக்கிழமை. சுபின் அலுவலகம் போயிருந்தான், அம்மா கீழே சொசைட்டிப் பெண்களோடு இருந்தார். ரெனிட்டா அவன் அறையைப் பெருக்கப் போனாள். கட்டிலுக்கடியில் பெட்டி இருந்தது. பெருக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டியை இழுத்தாள்.

சிலிண்டரின் தலையில் பொருத்தி அழுத்தத்தைக் குறைத்து விடுகிற ரெகுலேட்டர்கள் இரண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றின் மூடியைச் சுற்றி வட்டமாகச் சிறு துளைகள், வெளிச்சம் உள்ளே போய் ஒரு ரப்பர் சவ்வில் பட்டது. மற்றதில் அதே இடத்தில் அதே துளைகள், ஆனால் எல்லாவற்றிலும் கறுப்புப் பசை அடைத்திருந்தது. அதன்மேல் பச்சைப் பட்டை சுற்றியிருந்தது. பச்சை, ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு உரியது.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. தண்ணீர் இந்தத் துளைகள் வழியாக வந்து சவ்வை அழுத்த வேண்டும். ஆழம் கூடக் கூடச் சவ்வு அழுந்தும், அழுந்த அழுந்த உள்ளே அழுத்தம் ஏறும். அடைத்துவிட்டால் கருவிக்கு ஆழம் தெரியாது, அழுத்தம் நின்ற இடத்திலேயே நிற்கும். எண்பதில் தண்ணீர் அதைப் பிடித்துவிடும். அதுதான் அவன் சொன்ன லிமிட். லிமிட்டாவது ஒன்றாவது! கோவாக்காரன் பழுதை மறைத்து விற்றிருக்கிறான். இவனும் அதை விதி என்று நம்பிக்கொண்டு இறங்கப் போகிறான்.

கருவி வேலை செய்கிற விதத்தைப் பற்றி அவள் கண்டுபிடித்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆழ எல்லைக்குக் காரணம் அந்த அடைப்புதான்.

கம்பியால் பசையை நெம்பினாள். ரப்பர்போல இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு துளையாகச் சுரண்டி, சவ்வில் கீறல் படாமல் துடைத்து, வாயை வைத்து ஊதினாள். மறுபக்கத் துளைகளில் காற்று வந்தது. சில நாட்களுக்குப் பிறகு அவள் தோள் இறங்கியது. எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே வைத்துவிட்டு அறையைப் பெருக்கி முடித்தாள்.

அன்றிரவு சொல்லலாம் என்றுதான் இருந்தாள். சுபின் காதில் ஹெட்போனோடு வந்தான், எவனோடோ ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டான். சொன்னால் “என் பொருளை ஏன் தொட்டே” என்று குதிப்பான். சொல்லாவிட்டால் என்ன? எண்பதில் நின்றுபோக இருந்தது நிற்காது, அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த நினைப்பில் ஒரு ரகசியமான இனிப்பு இருந்தது. அவளைப் பற்றிச் சொல்லும்போது அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழும்போது சுபின் கிளம்பிப் போயிருந்தான். அவளும் வேலைக்குப் போனாள்.

காற்றுச் சோதனை மேஜையில் காலையில் முதலில் வைப்பது சோதனைக் கசிவு என்கிற பித்தளைத் துண்டு. அதில் அளவெடுத்துப் போட்ட ஒரு துளை, இவ்வளவு காற்றுதான் விடும் என்று முன்பே தெரிந்த துளை. அதை வைத்தால் மீட்டர் அந்த அளவைக் காட்ட வேண்டும், காட்டினால் மேஜை சரியாக இருக்கிறது என்று பொருள். அன்று முள் தாண்டிப் போய் நின்றது. ரெனிட்டா துண்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மறுபடியும் தாண்டியது.

“தீதி, பிரஷர் படா தியா மைனே,” என்று கம்ப்ரஷர் பக்கமிருந்து காம்ளே குரல் கொடுத்தான். ராத்திரி ஏதோ பழுது பார்த்தவன் அழுத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுக் குறைக்க மறந்திருந்தான். “டீக் கர் தூம்?” சரிசெய்யட்டுமா என்று கேட்டான்.

அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளை அதேதான். பின்னாலிருந்து தள்ளுகிற அழுத்தம் கூடினால் அதே துளை கூடுதலாக விடும். தினமும் காலையில் பார்க்கிற விஷயம். சுபினின் கருவியிலும் ஒரு துளை இருக்கிறது, உடம்புக்கு வேண்டியதில் கொஞ்சம் குறைத்து விடுகிற துளை. அழுத்தம் நின்ற இடத்தில் நிற்கும்வரைதான் அது குறைத்து விடும். ஆழத்தோடு அழுத்தமும் ஏறினால்?

எல்லா ஆழத்திலும் ஒரே அளவாக வர வேண்டும் என்பதற்காகத்தான் அடைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே.

ஜாஸ்தியானா ஃபிட்ஸ்.

கையிலிருந்த துண்டை மேஜையில் வைக்கப் போனாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. கரையில் என்ன சோதனை செய்து பார்த்தாலும் இது தெரியப்போவதில்லை என்பது அடுத்துப் புரிந்தது. மேலே இருக்கும்வரை இரண்டு ரெகுலேட்டரும் ஒன்றுதான், இறங்கினால்தான் வேறாகும்.

சுபினின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக மராத்தியில் ஒரு பெண் அமைதியாகச் சொன்னாள். மறுபடி அழைத்தாள். அதே அமைதி. அம்மாவை அழைத்தாள்.

“என்னட்டி, வேலை நேரத்துல?”

“அவன் எங்க போறான்னு உனக்கு லொகேஷன் அனுப்பினான்ல? அதை எனக்கு அனுப்பு.”

“எதுக்கு?”

“டிபன் மறந்துட்டான்மா.”

“டிபன் கட்டவே இல்லையேட்டி!”

“அனுப்பும்மா!” என்று கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

வாசலில் தரப் பிரிவு மேனேஜர் சுந்தரராமன் எதிரே வந்தார். “எங்கம்மா கெளம்பிட்டே? நாளைக்கு ஆடிட் இருக்கு.”

“தம்பி தண்ணிக்குள்ள இருக்கான் சார்.”

“தண்ணிக்குள்ளன்னா? எந்த ஆஸ்பத்திரி?”

அவள் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தாள்.

ஹிஞ்சேவாடியில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் கண்ணாடிக் கட்டடங்கள் ஆளில்லாமல் வெயிலை ஒன்றின்மேல் ஒன்று எறிந்துகொண்டிருந்தன. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் காலைத் தரையில் ஊன்றி நிற்காமல் உந்திக்கொண்டே இருந்தாள். பௌட் ஊரைத் தாண்டியதும் சுற்றுலாக்காரர்களின் கார்கள். சாலையோரத்தில் சோளம் சுடுகிற புகை, செல்ஃபி எடுக்கிற குடும்பங்கள். ஒரு கார் ஜன்னலிலிருந்து பாட்டு வழிந்தது. உலகம் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்நேரம் இறங்கியிருப்பானா? இன்னும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருப்பானா? அவனுக்கு எல்லாவற்றிலும் தாமதம்தான், ஸ்கூல் பஸ்ஸை எத்தனை தடவை விட்டிருக்கிறான். கடவுளே, இன்றைக்கும் தாமதமாகட்டும். ஷூ லேஸ் அறுந்து போகட்டும். ராகவேந்திராவின் வண்டி பஞ்சர் ஆகட்டும்.

மலைப் பாதை தொடங்கியதும் ஏரி தெரிந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு துண்டு, வளைவுக்கு அப்பால் இன்னொரு துண்டு. எவ்வளவு ஓட்டியும் அது முன்னால் வராமல் பக்கவாட்டிலேயே கூட வந்தது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, வரைபடத்தில் அவளுடைய நீலப் புள்ளி மட்டும் ஊர்ந்தது.

கடைசியில் சேறான ஓர் இறக்கம். கீழே வெள்ளை வேன் நின்றது. ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தவில்லை, அது தானாகச் சாய்ந்து விழுந்தது. கரையில் மடக்கு நாற்காலியில் தொப்பியோடு ராகவேந்திரா உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், சுபினின் பழைய டீம் லீடர், வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறார். அவர் முன்னால், கரையை விட்டுத் தள்ளித் தண்ணீரில் ஒரு ஆரஞ்சு மிதவை. அதிலிருந்து கயிறு ஒன்று தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனது.

“அட, சுபினோட அக்காதானே? என்ன இவ்ளோ தூரம்…”

“எங்க அவன்?”

“இப்பதான், ஒரு கால் மணி நேரம் இருக்கும். கூட முங்குற ஜோஷுவாவும் அவனும் எறங்கினாங்க.”

“கூப்பிடுங்க.”

“யாரைங்க? கீழ இருக்காங்க.”

அவள் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. பச்சைப் பட்டை, பசை, வியாழக்கிழமை, கம்பி என்று எல்லாம் இடம் மாறி மாறி வந்தது. முதலில் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“ஆக்ஸிஜன் ரெகுலேட்டரோட பிளக்கையா சொல்றீங்க? முழுசா எடுத்துட்டீங்களா?”

“முழுசா. ஊதிப் பாத்தேன்.”

 அவர் வேனிலிருந்து வெள்ளைப் பலகை ஒன்றை எடுத்து வந்து, ‘ரெகுலேட்டர் திறந்திருக்கிறது, ஆக்ஸிஜனை மூடு’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார். பலகையில் ஈயக் குண்டைக் கட்டினார். நீந்திப் போய் மிதவையைப் பிடித்து, பலகையை ஒரு வளையத்தால் கயிற்றில் மாட்டிக் கீழே விட்டார். பலகை வெள்ளையாக, பிறகு பச்சையாகத் தெரிந்து மறைந்தது.

“இது போய்ச் சேருமா?” என்று நீந்தித் திரும்பியவரிடம் கேட்டாள்.

“கயித்துப் பக்கத்துல இருந்தாங்கன்னா சேரும்.”

“இல்லேன்னா நீங்க எறங்குங்க!”

“என் சிலிண்டர்ல முப்பது மீட்டருக்குத்தாங்க காத்து. நானும் அங்க மாட்டிக்கிட்டா?” அவர் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. “சுபின் கவனமான பையன். அந்த மெஷின்ல நம்பரைப் பாக்காம யாரும் ஓட்ட முடியாது. பாத்திருப்பான்.”

ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. எதிர்க்கரை மலை தலைகீழாகத் தெரிந்தது. “ஒண்ணுமே தெரியலையே,” என்றாள் ரெனிட்டா.

“தெரியாதுங்க. ரெண்டு பேருக்கும் இதே மாதிரி மெஷின்தான், மூச்சு வெளிய வராது. குமிழி வந்தா மெஷினை விட்டுட்டுக் கூடக் கட்டியிருக்கிற சாதா சிலிண்டருக்கு மாறிட்டாங்கன்னு அர்த்தம்.”

“மாறினா நல்லதா?”

“மாறுறதுக்கு நினைவு இருந்திருக்கு. அந்த மட்டுக்கும் நல்லது.”

அவள் கரையில் மேலும் கீழுமாக நடந்தாள். ஷூவோடு தண்ணீரில் இறங்கினாள், முழங்கால் வரை போய்த் திரும்பினாள், மறுபடி போனாள். தண்ணீர் அசைந்தால் குமிழி தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து அப்படியே நின்றாள். ஒரு பூச்சி நீர்ப்பரப்பில் கோடு போட்டுக்கொண்டு போனது. அது ஒவ்வொரு முறை நின்றபோதும் அவள் நெஞ்சு அங்கே ஓடிப் போய்த் திரும்பியது. அந்தத் தட்டையான, பளபளப்பான ஒன்றுமில்லாமையை அவள் கையால் கிழித்துப் பார்த்துவிட விரும்பினாள்.

மிதவைக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதுபோல வெள்ளையாக உடைந்தது.

“வந்துருச்சு,” என்றார் ராகவேந்திரா.

குமிழிகள் கொத்தாக வந்து நின்றன. இடைவெளி. மறுபடி ஒரு கொத்து. யாரோ மூச்சு விடுகிறார்கள். ரெனிட்டா தன்னையறியாமல் அதோடு சேர்ந்து மூச்சு விட்டாள்.

“ரெண்டு பேரோடதா?”

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “ஒருத்தரோடதுதான்.”

“யாரோடது?”

 தெரிந்துகொள்ள வழியில்லை. சுபின் மாறியிருக்கலாம். அல்லது வலிப்பு வந்தவனை இழுத்துக்கொண்டு ஜோஷுவா மாறியிருக்கலாம். இரண்டுக்கும் குமிழி ஒரே மாதிரிதான் வரும். ஒவ்வொரு கொத்துக்கும் இடையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள், அடுத்த கொத்தில் அது கலைந்தது. மூச்சு பதற்றமாக இருக்கிறதா? நிதானமாக இருப்பதுபோல் இருந்தது. நிதானம் என்றால் யார்? சுபின் தூங்கும்போது எப்படி மூச்சு விடுவான் என்று நினைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் எத்தனை இரவு பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

குமிழிகள் மெல்ல நகர்ந்து கயிற்றை அடைந்தன. அங்கேயே நின்றன. வெகுநேரம் நின்றன.

“மேல வரலையே! ஏன் வரல?”

“உடனே வரக் கூடாதுங்க, ரத்தத்துல இருக்கிற வாயு வெளிய போகணும். நின்னு நின்னுதான் வரணும்.” அவர் குரலில் இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. “ஒருத்தன் மயக்கத்துல இருந்தா இப்படிப் பொறுமையா நிக்க மாட்டாங்க. நேரா மேல தூக்கிட்டு வந்துருவாங்க.”

அதைக் கேட்ட பிறகுதான் ரெனிட்டா தண்ணீரிலிருந்து கரையேறினாள்.

முதலில் ஜோஷுவாவின் தலை வந்தது. பிறகு இன்னொரு தலை. கறுப்பு ரப்பருக்குள் அமுங்கிய முகம், கன்னத்தில் முகமூடி அழுத்திய சிவப்பு வளையம். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்ததும் சுபின், “ஓ” என்றான். அவ்வளவுதான். அவள் வந்திருப்பதில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

கரைக்கு வந்து கருவியைக் கழற்றிவிட்டு அவன் சேற்றிலேயே உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. ரெனிட்டா அவன் தோளை, தலையை, கையை வரிசையாகத் தொட்டாள். ஒரு அறை விட்டாள். மறுபடி தொட்டாள்.

“எங்க தெரிஞ்சுச்சு?” என்று கேட்டார் ராகவேந்திரா.

“நாற்பதுகிட்ட. எறங்கும்போது நம்பர் ஏறத்தான் செய்யும், அதனால ஒண்ணும் தோணல. நாற்பதுல நின்னோம். நின்ன பிறகும் ஏறிச்சு. நான் பட்டன்மேல கையே வைக்கல சார். உடனே ஆக்ஸிஜனை மூடினேன். மத்த சிலிண்டர்ல இருக்கிற வாயுவை விட்டு உள்ள இருந்ததை அலசிவிட்டேன். நம்பர் எறங்கிச்சு. இருந்தாலும் இனிமே இந்த மெஷினை நம்ப முடியாதுன்னு சாதா சிலிண்டருக்கு மாறிட்டேன்.”

“பலகை வந்துச்சா?”

“ஒன்பது மீட்டர்ல நிக்கும்போது கயித்துல பாத்தோம்,” என்றான் ஜோஷுவா. “எல்லாம் முடிஞ்சு வரோம், ஒரு முடிச்சுல மாட்டி அங்க தொங்கிட்டு இருக்கு. நான் சிரிச்சு மாஸ்க்குக்குள்ள தண்ணி போயிடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. சுபின் பச்சைப் பட்டை சுற்றிய ரெகுலேட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். துளைகள் சுத்தமாக, வட்டமாக, எல்லாம் திறந்திருந்தன.

“நான்தான்னு தெரியுமா?” என்றாள் ரெனிட்டா.

“நம்ம வீட்டுல வேற யாரு ஓட்டையைத் தேடிப் போய்த் திறப்பா?” என்றவன் அப்புறம்தான் கத்தினான். “ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டேன்.”

“எப்போ?”

“சாப்பாட்டு மேஜையில. அழுத்தம் ஏன் கூடவே ஏறலன்னு கேட்டேன். அது அப்படித்தான், விடுன்னு சொன்ன. போனைப் பாத்துக்கிட்டே சொன்ன.”

 ஜோஷுவா எதையோ எடுக்கிற மாதிரி வேன் பக்கம் போனான். ராகவேந்திரா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

“நான் செஞ்சது தப்பு. உன்னைக் கொன்னிருப்பேன்,” என்றாள் ரெனிட்டா. சொல்லிவிட்டுத்தான் அழுதாள். சத்தமில்லாமல், கோபமாக, மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு அழுதாள்.

சுபின் சேற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தான். “இது மேல. இது எண்பது மீட்டர். இந்த நடுவுல எங்க இருந்தாலும் அந்த ஓட்டை கூடுதலா விட்டுடக் கூடாது. அதுக்குத்தான் அழுத்தத்தைக் கட்டிப் போட்டிருக்கு. கட்டிப் போட்டா ஒரு ஆழத்துல தண்ணி அதை ஜெயிச்சுடும். அந்த லிமிட் பழுது இல்லக்கா. அதைக் குடுத்துத்தான் மிச்சத்தை வாங்கியிருக்கோம்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். “அறுபதுக்கு மறுபடி போவியா?”

“அடைச்சு, சோதிச்சுட்டு… போவேன்.”

“எப்போ?”

“தெரியல. உடனே இல்ல.” அவன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “நாற்பதுல நம்பர் ஏறுறப்போ உதடு துடிச்ச மாதிரி இருந்துச்சு. ஃபிட்ஸுக்கு முன்னால அப்படித்தான் துடிக்கும்னு படிச்சிருக்கேன். நெசமாத் துடிச்சுதா, பயத்துல அப்படித் தோணுச்சான்னு இப்பவும் தெரியல.”

ரெனிட்டா அவன் உதட்டையே பார்த்தாள்.

“போறப்ப நானும் வரேன்,” என்றாள்.

“நீ வந்து என்ன செய்வ? உனக்குத் தண்ணின்னாலே ஆகாது.”

“மேல நிப்பேன்.”

“நின்னு?”

அவள் எழுந்து, நனைந்த ஷூ சளப்சளப் என்று சத்தமிட, தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். கீழே இப்போது யாரும் இல்லை. இருந்தும் மிதவை இருந்த இடத்தை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.